பேச்சியம்மாள் போன கடல்

தண்ணீர் லாரியின் சத்தம் கேட்டால் தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஊர் திண்டுக்கல். அந்த ஊரில், நாகல் நகர்ப் பக்கம் ஒரு மாடி வீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஒரு மனிதர் வருஷக்கணக்காகக் கடலை மட்டும் வரைந்துகொண்டிருக்கிறார் என்றால் நாலு பேர் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்தார்கள். "குடிக்கத் தண்ணியக் காணோம், இவரு கடலையில்ல கொண்டாந்து மாடியில வச்சிருக்காரு" என்று எதிர்வீட்டு ராமுத்தாய் சொன்னது ஹென்னிங்கின் காதிலேயே விழுந்திருக்கிறது. அவருக்குக் கோபம் வரவில்லை. "வாங்க, நீங்களும் ரெண்டு குடம் மொண்டுக்கிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு மாடியேறிவிட்டார்.

ஹென்னிங் ஜெர்மனிக்காரர். வட கடலை ஒட்டிய ஒரு சிற்றூரில் பிறந்தவர். அங்கே கடலைவிட வயல் தாழ்வாக இருக்கும். நடுவில் ஒரு மண்கரை. கரை உடைந்தால் ஊர் இல்லை. அந்தக் கரையைக் காவல் காப்பதுதான் அவருடைய அப்பாவுக்கு வேலை. அதனால் கடல் என்றாலே எதிரில் நின்று முறைத்துக்கொண்டிருக்க வேண்டிய பங்காளி என்ற நினைப்பிலேயே வளர்ந்தார். பிறகு கப்பலில் எஞ்சினியர் ஆனார். எஞ்சின் அறைக்கு ஜன்னல் கிடையாது. இத்தனை கடலைக் கடந்தும் எதையும் பார்க்காமலே போகிறோமே என்ற ஆத்திரத்தில், வேலை முடிந்ததும் மேல்தளத்துக்கு ஏறி அலைகளை வாட்டர் கலரில் வரைய ஆரம்பித்தார். ஆத்திரம் போய்விட்டது, வரைவது போகவில்லை.

கப்பல் தூத்துக்குடியில் நின்றிருந்த ஒரு நாள் அவருக்குக் குடல்வால் வெடித்தது. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து கிடத்தினார்கள். அங்கே நர்ஸாக இருந்தவள்தான் சின்னாளபட்டிக்காரி புவனேஸ்வரி. வயிறு ஆறிக் கப்பலேறிப் போன மனிதர், திரும்பி வந்து அவளைக் கட்டிக்கொண்டு திண்டுக்கல்லிலேயே தங்கிவிட்டார். தமிழும் அவள் சொல்லிக்கொடுத்ததுதான். நோயாளிகளிடம் பேசுகிற மாதிரி மரியாதைத் தமிழாகவே சொல்லிக்கொடுத்துவிட்டாள். அதனால் வாசலில் கிடக்கும் நாயைக்கூட "கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்பார்.

புவனேஸ்வரியின் அப்பா குருசாமி நெசவுக்காரர். வெள்ளைக்கார மாப்பிள்ளை வந்த புதிதில் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அம்மா பேச்சியம்மாள் முதல் நாளே அண்டாவில் வெந்நீர் போட்டு, "குளிச்சுட்டு வாங்க, சோறு வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். அது சித்திரை மாசம். வெளியே நின்றால் மண்டை வெடிக்கும். குளிர்ந்த தண்ணீருக்கு ஏங்கிக்கொண்டிருந்த ஹென்னிங், வாயைத் திறக்காமல் அந்தக் கொதிநீரில் குளித்துவிட்டுச் செக்கச்செவேல் என்று வந்து உட்கார்ந்தார். பேச்சியம்மாளுக்குப் பச்சைத்தண்ணீர் ஆகாது. தன் உடம்புக்கு ஆகாதது ஊரில் யார் உடம்புக்கும் ஆகாது என்பது அவளுடைய கட்சி. அவள் இருந்தவரை, சின்னாளபட்டிக்குப் போன போதெல்லாம் ஹென்னிங் வெந்நீரில்தான் குளித்தார். ஒருநாள்கூட வேண்டாம் என்று சொன்னதில்லை. அவ்வளவு பிரியம் அவள்மேல்.

அவருடைய படங்களை ஏறெடுத்துப் பார்த்ததும் அந்தக் குடும்பத்தில் அவள் ஒருத்திதான். மலைபோல் எழும்பும் சாம்பல் அலை, உச்சியில் வெள்ளை நுரை, நடுவில் தத்தளிக்கும் ஒரு கப்பல்: எல்லாப் படமும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். ஹாம்பர்க்கில் ஒரு கடைக்காரர் வாங்கி, கப்பல் கம்பெனிகளுக்கு விற்கிறார். நுரையை ஹென்னிங் வரைவதில்லை; அந்த இடத்தில் வண்ணம் படாமல் பேப்பரை வெள்ளையாகவே விட்டுவிடுவார். "நாங்க சுங்குடிச் சேலைக்குச் சாயம் ஏறாம முடிச்சுப் போட்டு வெள்ளை விடுறோமுல்ல, அதேதான்" என்று பேச்சியம்மாள் சொன்னாள். மற்றவர்கள் வந்து பழனி முருகனை வரைந்து தரச் சொன்னார்கள், செத்துப்போன அப்பாவை போட்டோவைப் பார்த்து வரையச் சொன்னார்கள். ஹென்னிங் மறுத்துவிட்டார். கடலைத் தவிர எதையும் தொடமாட்டேன் என்பதில் உடும்புப் பிடி.

பேச்சியம்மாள் இந்த வருஷம் ஆனி மாசம் இறந்துபோனாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் குருசாமி தறிக்குழியிலிருந்து ஏறும்போது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு கட்டிலில் கிடந்தார். மகன் மோகன்குமார் மட்டும் ராமேஸ்வரம் போய் அம்மாவின் சாம்பலைக் கரைத்துவிட்டு வந்தான்.

அன்றிலிருந்து கிழவருக்கு ஒரே புலம்பல். பெண்டாட்டியை எந்தத் தண்ணீரில் விட்டார்கள் என்று பார்க்க வேண்டுமாம். காரில் படுக்க வைத்தாவது கூட்டிப் போகலாமா என்று கேட்டதற்கு, இடுப்பும் தாங்காது, நெஞ்சும் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மோகன்குமார் போனில் எடுத்த வீடியோவைக் காட்டினான். கண்புரை விழுந்த கண்ணுக்கு அது என்ன தெரியும்? "எறும்பு ஊருற மாதிரி இருக்குடா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பார்க்கப் போன ஹென்னிங்கின் கையைப் பிடித்துக்கொண்டார் குருசாமி.

"மாப்பிள்ளை, நீங்க கடலத்தான எழுதுறீங்க? எனக்கு ஒண்ணு எழுதிக் குடுங்க. பெருசா. அவ போன தண்ணி எப்படி இருக்குன்னு பாத்துக்கிறேன். அவளுக்குப் பச்சைத்தண்ணி ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியுமுல்ல."

"தெரியும் மாமா" என்றார் ஹென்னிங்.

மாமனார் அவரிடம் ஒரு படம் கேட்பது இதுதான் முதல் தடவை. ஹென்னிங்குக்குத் தலைகால் புரியவில்லை. பத்து நாள் மாடியை விட்டு இறங்காமல் வரைந்தார். அவர் வாழ்நாளில் வரைந்த அலைகளிலேயே பெரிய அலை அது. பாய் அகலத்துக்குப் படம். அதைத் துணியில் சுற்றி எடுத்துப்போய்க் கட்டிலுக்கு எதிரே நிறுத்தி, துணியை விலக்கினார்.

குருசாமி கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் வாய் கோணியது.

"ஏலே மோகா! என் பேச்சிய இதுலயாடா போட்டுட்டு வந்த? பாவி! இம்புட்டுக் கறுப்பா, இம்புட்டு ஆங்காரமா இருக்கேடா! விறைச்சுப் போயிருப்பாளேடா!"

மோகன்குமார் ஓடிவந்து, "அப்பா, அது இந்தக் கடல் இல்லப்பா, இது வேறப்பா" என்று சொல்லிப் பார்த்தான். காதில் ஏறவில்லை. மாப்பிள்ளை கடல்காரர், அவருக்குத் தெரியாததா என்று அழுதார். அன்று ராத்திரிச் சாப்பாட்டையும் மறுநாள் சாப்பாட்டையும் தொடவில்லை.

கூடப் போயிருந்த புவனேஸ்வரியும் அவரும் மறுநாள் ராத்திரிதான் ஸ்கூட்டரில் திரும்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க ராமேஸ்வரம் கடல ஒழுங்கா ஒரு தடவையாச்சும் பாத்துருக்கீங்களா?"

இல்லை. கல்யாணமான புதிதில் கூட்டிப்போனாள். கரையில் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அலையே இல்ல, இது குளம்" என்று சொல்லி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவர் அவர். கடலில் தரம் பிரிக்கிற திமிர் அது.

"அப்பா சாப்பிடாமக் கிடந்து செத்துப்போனா, அந்தக் கப்பல் படத்த நீங்களே பாத்துக்கிட்டு இருங்க."

ஹென்னிங்கின் மனசு சுருக்கென்றது. தன் படத்தைப் பார்த்து யாரும் பயந்து அவர் கண்டதில்லை. அதிலும், பேச்சியம்மாள் குளிரில் நடுங்கிக்கொண்டிருப்பதாக ஒருவர் நினைத்துக்கொண்டிருக்க, அதற்குத் தன் கை காரணமாக இருப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. "நான் ராமேஸ்வரம் போறேன். அந்தக் கடல் படமா வராம இந்த வீட்டுக்கு வரமாட்டேன்" என்றார்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல தண்ணீர் பிடித்து வைக்கும் பாட்டிலுக்கு நீல மூடி; போர் தண்ணீருக்குச் சிவப்பு மூடி. போர் தண்ணீரில் வரைந்தால் பேப்பரில் உப்புப் பூக்கும் என்பதால் ஹென்னிங்குக்கு நீல மூடிதான் வேண்டும். "உலை வைக்கிறதா, உங்க கடலுக்கு ஊத்துறதா?" என்று தினமும் ஒரு சண்டை நடக்கும். இந்தத் தடவை சண்டையில்லாமல் ஒரு பாட்டில் நிறைய நல்ல தண்ணீரைப் பையில் வைத்தாள் புவனேஸ்வரி. கூடவே இன்னொரு காலி பாட்டில்.

"இதுல தீர்த்தம் பிடிச்சுட்டு வாங்க, அப்பா தலையில தெளிக்கணும். தீர்த்தத்தப் போய் உப்புத்தண்ணி பாட்டில்ல பிடிக்கக் கூடாதுன்னு நல்ல பாட்டிலாப் பாத்து வச்சிருக்கேன்."

அதற்கும் நீல மூடி.

ராமேஸ்வரத்தில், அக்னி தீர்த்தக் கரையில் குடையை ஊன்றி உட்கார்ந்தார் ஹென்னிங். ஜனம் ஈசலாக மொய்த்தது. முழுக்குப் போடுகிறவர்கள், பிண்டம் வைக்கிறவர்கள், ஈரச்சேலையோடு கோயிலுக்கு ஓடுகிறவர்கள். அவர்களுக்கு அப்பால் கடல், சும்மா கிடந்தது. தூக்கிப் பிடிக்க அலை இல்லை, வெள்ளை விட நுரை இல்லை. வரைந்து பார்த்தார். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வந்தது. கிழித்தார். மறுபடி வரைந்தார். நீலம் பூசிய சுவர் மாதிரி வந்தது. அலையை வரையும்போது கை நடுங்கினால் அதுவும் அலையோடு அலையாகப் போய்விடும். அசையாத தண்ணீருக்கு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பிரஷ் ஒரே இழுப்பாகப் போக வேண்டும். அறுபத்தாறு வயசுக் கை எங்காவது ஓரிடத்தில் தடுக்கியது.

இரண்டாம் நாளும் சுவர்தான். மூன்றாம் நாளும் அதேதான். பேப்பர்க் கட்டு பாதி தீர்ந்தது. புவனேஸ்வரி போன் செய்து, "போதும், வந்துருங்க. அப்பா கஞ்சி மட்டும் குடிக்கிறாரு" என்றாள். "வர்றதுக்கில்ல" என்றார்.

பக்கத்தில் டீ விற்கிற ஜெரோம் என்பவர் மூன்று நாளாக இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலாம் நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார்.

"குளிச்சாச்சா சார்?"

"ரூமில் குளிச்சேன்."

"அது இல்ல. இதுல எறங்குனீங்களா? இங்க வந்துட்டு எறங்காம உக்காந்திருக்கிற ஒரே ஆளு நீங்கதான். எல்லாரும் உங்களத்தான் பாக்குறாங்க."

ஹென்னிங் பேப்பரைச் சுருட்டிப் பையில் வைத்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. கடலிலேயே பிழைத்தவர், அதில் ஒருநாளும் கால் நனைத்ததில்லை. விழுந்தால் அவ்வளவுதான், அந்தக் குளிரில் நீந்தத் தெரிந்தும் பிரயோஜனமில்லை என்பது அவர்கள் கப்பலில் பேச்சு. கரையில் நின்று முறைப்பதற்கு மட்டுமே அப்பாவும் கற்றுக்கொடுத்திருந்தார்.

மறுநாள் விடிவதற்கு முன்னால் வேட்டியைக் கட்டிக்கொண்டு, வலது கையில் நீல மூடி பாட்டிலோடு படியிறங்கினார். முதல் அடி வைக்கும் முன்னாலேயே உடம்பு சிலிர்த்துக்கொண்டது. குளிரப் போகிறது என்று பல்லைக் கடித்தார். குளிரவில்லை.

தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது.

முழங்கால் வரை போனார், இடுப்பு வரை போனார், கழுத்து வரை போனார். எங்கும் அதே சூடு. பேச்சியம்மாள் அண்டாவிலிருந்து மொண்டு, பச்சைத்தண்ணீர் கலந்து விளாவி வைப்பாளே, அதே பதம். "சூடு போதுமா மாப்பிள்ளை?" என்று கதவுக்கு வெளியே நின்று கேட்பாளே. ஹென்னிங் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று கேவிக் கேவி அழுதார். பக்கத்தில் முழுக்குப் போட்டுக்கொண்டிருந்த பாதிப் பேர் அழுதுகொண்டுதான் இருந்தார்கள். ஆகவே யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு முழுக்குப் போட்டு எழுந்தபோது கிழக்கு வெளுத்தது. கண்ணும் கடலும் ஒரே மட்டத்தில் இருந்தன. கரையிலிருந்து பார்த்தபோது சுவராகத் தெரிந்த தண்ணீர், இங்கிருந்து அவரைச் சுற்றி விரிந்து கிடந்தது. நீலம் ஒரு பொட்டு இல்லை. மஞ்சளும், லேசான ரோஜா நிறமும், தவிட்டு நிறமும்தான். இத்தனை வருஷமாகக் கைபழகிய நிறம் ஒன்றுகூட இங்கே உதவாது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

பாட்டிலை நிரப்பிக்கொண்டு கரையேறி, அதைப் பைக்குள் போட்டார். ஈர வேட்டியோடு உட்கார்ந்து, பையிலிருந்து கையில் அகப்பட்ட நீல மூடியைத் திறந்து கிண்ணத்தில் ஊற்றினார். வெளிச்சம் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். வழக்கம்போல் பிரஷ் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொண்டார். "விஷம், விஷம்" என்று புவனேஸ்வரி எத்தனை திட்டியும் போகாத பழக்கம் அது. உப்புக் கரித்தது. முழுக்குப் போட்ட வாய் கரிக்காமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டார். பிரஷ்ஷைப் பேப்பரில் வைத்து இழுத்தார். கை தடுக்கவில்லை. ஒரு பூச்சு, அதன்மேல் இன்னொன்று, இன்னொன்று. சூரியன் மேலே வந்தபோது படம் முடிந்திருந்தது. அது சுவர் இல்லை, தண்ணீர்.

ஜெரோம் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்று பார்த்தார். "இது எறங்கிப் பாத்தவன் வரைஞ்சது" என்றார்.

டீ ஆறியது. படம் காயவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தார், பிசுபிசுத்தது. சந்தேகம் தட்டி, கிண்ணத்துத் தண்ணீரில் விரலை விட்டு நக்கினார். கடல்! முந்தின ராத்திரி நிரப்பி வைத்திருந்த நல்ல தண்ணீர் பாட்டில் பையின் அடியில் தளும்பாமல் அப்படியே கிடந்தது. தீர்த்தத்தில் பாதியைப் படத்திலும், மீதியைப் பிரஷ் கழுவியதிலும் காலி செய்திருந்தார். ஒரு வாட்டர் கலர்காரன் செய்யவே கூடாத வேலை. உப்பு ஏறிய பேப்பர் எந்நாளும் அடங்காது. ஈரக்காற்று பட்டால் தண்ணீரை இழுக்கும், வண்ணம் கரையும். தலையில் அடித்துக்கொண்டார். நல்ல தண்ணீரில் அதையே திரும்ப வரைந்து பார்த்தார். வரவில்லை. வெளிச்சம் போயிருந்தது. மறுபடி தீர்த்தம் பிடிக்க வேண்டும் என்பதும் அந்த ஆத்திரத்தில் மறந்துபோனது.

படத்தை மடியில் விரித்துவைத்தபடியே பஸ்ஸில் வந்தார். மதுரை தாண்டி அனல்காற்று அடித்ததில் அது காய்ந்தது. பேப்பரில் அங்கங்கே உப்பு மினுமினுத்தது.

நேரே சின்னாளபட்டிக்குப் போனார். புவனேஸ்வரியும் வந்திருந்தாள். குருசாமியை மோகன்குமார் தாங்கிப் பிடித்துக்கொள்ள, ஹென்னிங் படத்தை அவர் கண்ணுக்கு அருகில் பிடித்தார். கிழவர் வெகுநேரம் பார்த்தார்.

"அலையே இல்லையே மாப்பிள்ளை."

"இல்ல மாமா. நான் உள்ள எறங்கிப் பாத்துட்டேன். கழுத்து வரைக்கும். தண்ணி வெதுவெதுன்னு இருக்கு. அத்தை விளாவி வைப்பாங்களே, அதே சூடு."

"நெசமாவா?"

"சத்தியமா."

குருசாமி நம்பியதும் நம்பாததும் முகத்தில் தெரியவில்லை. அன்று சோறு சாப்பிட்டார். கட்டிலுக்கு எதிரே படத்தை மாட்டச் சொன்னார். கண்ணாடி போடக் கூடாது என்றார். போட்டால் டியூப்லைட்டும் தன் மூஞ்சியும்தான் தெரியுமாம். எல்லாம் ஆனபிறகு புவனேஸ்வரி பையைத் துழாவினாள்.

"தீர்த்தம் எங்கங்க?"

ஹென்னிங் படத்தைக் காட்டினார். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "அப்பா தலையில ஒரு சொட்டுத் தெளிக்கக் கொண்டாரச் சொன்னா, மொத்தத்தையும் பேப்பர்ல ஊத்திட்டு வந்திருக்கீங்களே!" "விடு தாயி, குடுத்து வைக்கல" என்றார் குருசாமி. அவர் குரல் இறங்கித்தான் போயிருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாத அடைமழை. மோகன்குமார் போன் செய்தான். "மச்சான், சொவரு எதுவும் ஒழுகல. ஆனா படம் மட்டும் நனைஞ்சிருக்கு. சொட்டுது. வாங்க சீக்கிரம்."

ஹென்னிங் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தார். பின்னால் ஹேர் டிரையரை மடியில் வைத்துக்கொண்டு புவனேஸ்வரி. ரோட்டில் முழங்கால் தண்ணீர். தன் வாழ்நாளில் வரைந்ததில் அதுதான் நல்ல படம் என்பது அவருக்குத் தெரியும். உடனே சூடு காட்டினால் காப்பாற்றிவிடலாம். வண்டியை விரட்டினார்.

வீட்டுக்குள் நுழைந்தபோது படம் சுவரில் இல்லை. குருசாமியின் மடியில் இருந்தது. தாமே அடம்பிடித்துக் கழற்றித் தரச் சொல்லியிருக்கிறார். உப்பு மழைக்காற்றையெல்லாம் இழுத்து, பேப்பர் முழுக்க முத்துமுத்தாக வியர்த்திருந்தது. கிழவர் உள்ளங்கையை அதன்மேல் பரப்பி வைத்திருந்தார். விரலுக்கடியில் மஞ்சளும் ரோஜாவும் கரைந்து ஓடிக்கொண்டிருந்தன.

"என்னங்க, கையை எடுக்கச் சொல்லுங்க, போயிரும்" என்று புவனேஸ்வரி டிரையரின் ஒயரைப் பிரித்தாள். ஹென்னிங் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

குருசாமி ஈரக்கையைத் தூக்கித் தலையில் தடவிக்கொண்டார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். நெற்றியில் வண்ணம் அப்பியது. மறுபடி கையைப் படத்தில் வைத்தார். அவர் உடம்புச் சூடு ஏறியதோ என்னவோ.

"ஆமா மாப்பிள்ளை" என்றார். "வெதுவெதுன்னுதான் இருக்கு."

ஹென்னிங் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தம் கையையும் அந்தத் தண்ணீரில் வைத்தார்.